எல்சிடிக்கு மூன்று தடவை 3 அனுப்புவது எதற்காக?

அன்புள்ள தம்பிக்கு,

பவர் போட்டதும் 16x2 எல்சிடியின் மேல் வரிசை கட்டம் கட்டமாகக் கறுத்து நிற்கிறது, ரீசெட்டை அழுத்தினால் சில சமயம் எழுத்து வருகிறது, சில சமயம் கன்னாபின்னாவென்று வருகிறது என்று கேட்டிருந்தாய். கட்டங்கள் தெரிவதால் சப்ளையும் மூன்றாவது பின்னில் உள்ள கான்ட்ராஸ்ட் பிரீசெட்டும் சரிதான். இனிஷியலைசேஷன்தான், அதாவது எல்சிடியின் தொடக்க அமைப்புதான், நடக்கவில்லை.

எல்சிடிக்குள் இருக்கும் ஹிட்டாச்சி 44780 வகை கன்ட்ரோலருக்கு, சப்ளை 4.5 வோல்ட்டைத் தொட்ட பிறகு 15 மில்லிசெகண்டுக்கு மேல் அவகாசம் வேண்டும். உன் மைக்ரோகன்ட்ரோலர் 8051 அதற்கு முன்பே ஓடத் தொடங்கிவிடுகிறது. ரீசெட் அழுத்தும்போது எல்சிடியின் பவர் நிற்பதில்லை, அதனால் அது தயாராக இருக்கிறது. ஆனால் அப்போது வேறு சிக்கல். அது கமாண்டை முழுதாக வாங்கும் எட்டு பிட் நிலையில் இருக்கலாம், இரண்டு பாதிகளாக வாங்கும் நான்கு பிட்டில் இருக்கலாம், நான்கு பிட்டில் மேல் பாதியை வாங்கிக்கொண்டு கீழ்ப் பாதிக்குக் காத்திருக்கவும் கூடும். எதில் இருக்கிறதென்று புரோகிராமுக்குத் தெரியாது.

அதற்காகத்தான் மூன்று தடவை 3. பாதியில் நின்றிருந்தால் முதல் 3 அந்தக் கமாண்டை முடித்துவைக்கும். அது கர்சரை முதல் இடத்துக்குத் திருப்பும் நீண்ட கமாண்டாகவே இருந்தாலும், முதல் 3-க்குப் பின் நீ விட வேண்டிய 4.1 மில்லிசெகண்டுக்கு மேற்பட்ட தாமதத்துக்குள் முடிந்துவிடும். அடுத்த இரண்டு 3-ம் சேர்ந்து ஹெக்ஸ் 33, அதாவது எட்டு பிட்டுக்கு மாறு. மற்ற இரு நிலைகளில் தொடங்கினாலும் இங்கேதான் வந்து சேரும். காகிதத்தில் ஒருமுறை போட்டுப் பார். இரண்டாவது 3-க்குப் பின் 100 மைக்ரோசெகண்டுக்கு மேல் விடு. எல்சிடி வேலையில் இருக்கிறதா என்று சொல்லும் பிஸி ஃபிளாகை இதுவரை படிக்க முடியாது, டிலே மட்டுமே வழி.

பிறகு 2 அனுப்பினால் நான்கு பிட். இந்த 3, 3, 3, 2 நான்கும் ஒற்றை நிபிள்கள், அதாவது நான்கு பிட் துண்டுகள். ஒவ்வொன்றுக்கும், டேட்டாவை உள்ளே எடுக்கச் சொல்லும் எனேபிள் பின் ஒரே ஒருமுறை துடிக்க வேண்டும். உன் கோடு இவற்றையும் இரண்டு நிபிள் அனுப்பும் சப்ரூட்டீன் வழியாக விடுகிறது. 3-க்குப் பின்னால் 0-வும் போனால் வரிசை குலையும். சப்ரூட்டீன் அடுத்து வரும் ஹெக்ஸ் 28, 08, 01, 06, 0சி ஆகிய முழு கமாண்டுகளுக்குத்தான். 01-க்குப் பின் 2 மில்லிசெகண்டாவது விடு. மற்றவற்றுக்கு 50 மைக்ரோசெகண்ட் போதும்.

இன்னொன்று. டேட்டா, ஆர்எஸ் (கமாண்டா எழுத்தா என்று சொல்லும் பின்), எனேபிள் மூன்றையும் போர்ட் 1-லேயே வைத்திருக்கிறாய். அங்கே நேராக மூவ் கட்டளையால் முழு பைட்டையும் எழுதினால் எனேபிள் பிட்டும் சேர்ந்து மாறி, கேட்காத நிபிள் ஒன்று உள்ளே போய்விடும். அக்குமுலேட்டரில் மேல் நான்கு பிட்டை மட்டும் வைத்துக்கொள், போர்ட்டை 0எஃப்-ஓடு ஏஎன்எல் செய், பிறகு ஓஆர்எல். அதன் பின் எனேபிளுக்கு ஒரு செட்பி, ஒரு சிஎல்ஆர். 12 மெகாஹெர்ட்ஸில் அதுவே 1 மைக்ரோசெகண்ட் துடிப்பு, தாராளம்.

டிலேயில் உள் லூப் 250, வெளி லூப் 40 வைத்தால் 20 மில்லிசெகண்ட் கிடைக்கும். லூப்பைச் சுற்றவைக்கும் டிஜேஎன்இசட் கட்டளை ஒவ்வொன்றும் 2 மைக்ரோசெகண்ட் எடுக்கும் பழைய 8051 கணக்கு இது. ஒரு கிளாக்கில் ஒரு சைக்கிள் ஓடும் புதிய சிப்புக்கு மாறினால் இந்த எண்கள் போதாது, டேட்டாஷீட்டைப் பார்த்துக் கூட்டிக்கொள்.

அன்புடன்,
அண்ணன்