அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ அக்கா

பாரிஸ், 2025 மாசி

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கட கடிதம் கிடைச்சது. கடைசியில அம்மா தன்ர கையால எழுதின வரியளைத்தான் திரும்பத் திரும்ப வாசிக்கிறன். நான் நல்ல சுகம், வேலையும் பரவாயில்லை எண்டு அவவுக்குச் சொல்லுங்கோ. குளிர்தான் இந்தமுறை எலும்புக்குள்ள போகுது. கீழ்வீட்டு பிரெஞ்சு ஆச்சி, செத்துப்போன தன்ர மனிசன்ர கம்பளிக் கோட்டை எனக்குத் தந்திட்டா, முழங்கால் மட்டும் வருகுது. லிஃப்ட் இல்லாத கட்டடம், அவவின்ர தண்ணிப் போத்தலை நான்தான் தூக்கிக் குடுக்கிறனான். கதவைத் திறந்து வைச்சுக்கொண்டு கதைச்சுக்கொண்டே நிப்பா, பாதி விளங்காது, ஆனாலும் நிண்டு கேப்பன், வேலை முடிஞ்சு வந்தா கதைக்க வேற ஆர் இருக்கினம்.

சரி, வாற விசயத்துக்கு வாறன். விசாவுக்கு மேரியில, அதுதான் இஞ்சத்தை நகரசபையில, எடுக்கிற அழைப்புக் கடிதத்தைச் சின்ன மாமான்ர பேரில எடுப்பம். வீட்டின்ர அளவு, சம்பளத் துண்டு எல்லாம் பாப்பினம், மாமான்ர வீடு பெரிசு, அம்மாவுக்கும் அங்கதான் வசதி. முத்திரைக் காசு 30 யூரோவை நான் கட்டுறன். பயண மருத்துவ இன்சூரன்ஸ் 30,000 யூரோவுக்குக் குறையாமல் எடுக்கோணும், அதில மட்டும் விலை குறைவெண்டு ஏதாவது எடுத்துப்போடாதேங்கோ.

சார்ள் து கோல் எயார்போட்டுக்கு நான் வருவன், லீவு கிடைக்காட்டி மாமி வருவா. எண்டாலும் நீங்கள் வழியைத் தெரிஞ்சு வைச்சிருங்கோ. டேர்மினல் 1இல இறங்கினா காசில்லாத குட்டி ரெயின் ஒண்டு ஓடும், அதில ஏறி டேர்மினல் 3க்குப் பக்கத்து ஸ்ரேசனுக்கு வந்து ஆர்ஈஆர் பி எண்ட, பாரிசுக்குள்ள போற ரெயினை எடுக்கோணும். இந்தத் தையில இருந்து எயார்போட் ரிக்கற் ஆளுக்கு 13 யூரோ. பிளாட்ஃபோமில இருக்கிற ஸ்கிரீனை வடிவாப் பாருங்கோ, சில ரெயின் எங்கயும் நிக்காமல் நேர கார் து நோர் எண்ட பெரிய ஸ்ரேசனுக்குப் போகும், மாமா இருக்கிற லா கூர்நெவ் அதுக்கு முன்னமே வந்திடும், அதால எல்லா இடமும் நிக்கிறதைத்தான் எடுக்கோணும். ரிக்கற்றை வெளிய வருமட்டும் பத்திரமா வைச்சிருங்கோ. அம்மா சங்கிலியைக் கழட்டி வைச்சிட்டு வரட்டும்.

மெற்றோ சுகம்தான், ஆனா அம்மான்ர முழங்காலுக்குச் சரிவராது, முக்காவாசி இடம் படிதான், லிஃப்ட் எல்லா இடமும் இருக்கிறது 14ஆம் லைனில. மற்றபடி பஸ்ஸிலயே கூட்டிக்கொண்டு திரியுங்கோ, மெற்றோ 2.50, பஸ் 2 யூரோதான். 38ஆம் நம்பர் பஸ் நொத்ர் தாம் பக்கம் போகும், எரிஞ்ச கோயிலைத் திருத்திப் போன மார்கழிதான் திறந்தவை, மடு மாதாட்டப் போற அம்மாவுக்கு இதுவும் பிடிக்கும், உள்ளுக்க போகக் காசில்லை. மெற்றோவில ஒருக்கா மட்டும் 6ஆம் லைனில ஏத்துங்கோ, பாஸி தாண்டி ஆத்துக்கு மேலால போகேக்க ஈஃபில் கோபுரம் யன்னலுக்குள்ளாலயே தெரியும், இருந்த இடத்தில இருந்து பாக்கலாம்.

எங்கட ஆக்களின்ர கடையள் இருக்கிற லாசப்பல் பக்கம் வந்தா அம்மா இது யாழ்ப்பாணம் எண்டுதான் சொல்லப் போறா. முருங்கைக்காய், கருவாடு எல்லாம் கிடைக்கும், அதால அதெல்லாம் தூக்காதேங்கோ. இஞ்சத்தை மாணிக்க விநாயகர் கோயில் தேர் ஓகஸ்ற் கடைசியில வரும், றோட்டு முழுக்கத் தேங்காய் உடைப்பினம். அம்மா நல்லூர்த் தேரை விட்டிட்டு வரமாட்டா, அவவை வற்புறுத்த வேண்டாம், நல்லூர் முடிய வெளிக்கிட்டாலும் எனக்குச் சந்தோசம்.

எங்கட வீட்டுக் கறுத்தக்கொழும்பானை மட்டும் கொண்டுவர ஏலாது அக்கா, பேப்பர் இல்லாமல் மாம்பழத்தை உள்ள விடமாட்டினம். இஞ்ச கடையில விக்கிற மாம்பழத்தை மணந்து பாத்திட்டு வைச்சிட்டு வந்திட்டன். இந்த வருசம் பூத்திருக்கோ? அம்மா கிணத்தடியில இருந்து வெட்டித் தாறதை நினைச்சா ஒண்டும் செய்ய மனம் வராது.

வடக்கு வேலி விசயத்தில அத்தான் சண்டைக்குப் போக வேண்டாம், சர்வேயரைக் கூப்பிட்டு அளந்தாப் போதும். சீட்டுக் காசு இந்த மாசம் கொஞ்சம் பிந்தும், வாற மாசத்தோட சேத்து அனுப்புறன், மாமாட்ட ஒண்டும் கேக்காதேங்கோ. மூத்தவளின்ர ரியூசன் காசை நிப்பாட்ட வேண்டாம், அதை எப்பிடியும் அனுப்புவன்.

அம்மான்ர பிறப்புச் சான்றிதழில இருக்கிற பேரும் பாஸ்போட்டில இருக்கிற பேரும் எழுத்துக்கு எழுத்து ஒண்டோ எண்டு பாத்து உடன எழுதுங்கோ, பிழை இருந்தா இப்பவே கச்சேரியில திருத்தக் குடுக்கோணும்.

அன்புத் தம்பி