‘விமானி தவறு’ என்று முடித்துவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் நீங்கள் வெளியிட்ட விமான விபத்துப் பட்டியலில் இலங்கை மலைநாட்டிலுள்ள எங்கள் ஏழு கன்னியர் மலையும் இருந்தது. 1974 டிசம்பர் 4, 191 பேர் பலி, காரணம் விமானி தவறு. அவ்வளவுதான். மஸ்கெலியாவில் பிறந்து வளர்ந்த எனக்கு அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

அன்று இரவு பத்து மணிக்கு மேல் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) தகரக் கூரை அதிர்ந்தது என்று அப்பா சொல்வார். இடி என்று நினைத்துத் திரும்பிப் படுத்துவிட்டார்களாம். அதை நினைத்துக் கடைசிவரை வருந்தினார். வந்தது மார்ட்டின் எயார் என்ற நெதர்லாந்து நிறுவனத்தின் டி.சி.-8 விமானம். சுரபாயாவிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட 182 இந்தோனேசியர்கள் அதில் இருந்தார்கள். ஜித்தா போகும் வழியில் கொழும்புக்கு அருகே கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்க வேண்டியது. ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

விமானி ஏன் அவ்வளவு தாழ வந்தார்? நிலையம் கிட்டே வந்துவிட்டது என்று நம்பினார். நிலையமோ இன்னும் சுமார் 40 கடல் மைல் மேற்கே இருந்தது. 2,000 அடிக்கு இறங்க அனுமதியும் கிடைத்திருந்தது. கரையோரச் சமவெளி என்றால் சரி. கீழே இருந்தது மலைநாடு. 4,300 அடி உயரத்திலேயே மோதிவிட்டது. அந்தக் காலத்தில் நெடுந்தூரக் கடலைக் கடந்து வருகிறவர்கள் டொப்ளர் கருவி (கீழே ரேடியோ அலை அனுப்பி விமானத்தின் வேகத்தை அளப்பது) காட்டுவதை வைத்துத்தான் எவ்வளவு தூரம் வந்தோம் என்று கணக்குப் பார்ப்பார்கள். அந்த டொப்ளரையும் வானிலை ராடாரையும் நம்பியதில்தான் கணக்குப் பிசகியது என்று விசாரணையில் தெரியவந்தது.

இதில் என் மனதை அறுக்கும் விஷயம் ஒன்று உண்டு. மூன்றே நாளுக்கு முன், டிசம்பர் 1ஆம் தேதி, வாஷிங்டனுக்கு இறங்கிக்கொண்டிருந்த டி.டபிள்யூ.ஏ. என்ற அமெரிக்க நிறுவனத்தின் விமானம் வர்ஜீனியாவில் ஒரு மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். அங்கேயும் இறங்கும் அனுமதியைத் தவறாகப் புரிந்துகொண்டதுதான். அதற்குப் பிறகே, தரை நெருங்கினால் குரல் கொடுத்து எச்சரிக்கும் கருவியை அமெரிக்கா கட்டாயமாக்கியது. எங்கள் மலைக்கு வந்தவர்களுக்கு அது உதவவில்லை.

1978 நவம்பர் 15ஆம் தேதி ஹஜ்ஜை முடித்து இதே சுரபாயாவுக்குத் திரும்பிய இன்னொரு டி.சி.-8, கட்டுநாயக்கவில் இறங்கும்போது விழுந்து 183 பேர் போனார்கள். உங்கள் பட்டியலில் அது இல்லவே இல்லை. அதையும் சேர்க்க வேண்டும்.

நோர்ட்டன் பிரிட்ஜ் என்ற ஊரில், எங்கள் மலையில் மோதிய விமானத்தின் டயர் ஒன்றை நினைவாக வைத்திருக்கிறார்கள். இன்று பஸ்ஸில் போகும் பிள்ளைகளுக்கு அது என்னவென்று தெரியாது. அந்த இரவைக் கண்ட பெரியவர்கள் சிலர் இன்னும் தோட்டங்களில் இருக்கிறார்கள், ஆனால் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வருகிறார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுத ஒரு நிருபரை அனுப்புங்கள். ஒவ்வொரு வீடாக நானே கூட்டிப்போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மஸ்கெலியா