ஒரு போயாவாவது கால்வாய் முகத்தில் இருப்போம்

எங்கள் தியானக் குழுவின் பொறுப்பாளர் ஐயாவுக்கும் கூட இருக்கும் அன்பர்களுக்கும்,

வணக்கம். போயா என்கிற பௌர்ணமி தினக் காலைகளில் கொழும்பு வெள்ளவத்தை மண்டபத்தின் பின்வரிசையில் இருக்கிறவள் நான். கடைசி இருபது நிமிடத்தைப் பூமிக்கென்று நீங்கள் ஒதுக்கத் தொடங்கியதிலிருந்து ஒரு நாளும் தவறவிட்டதில்லை. அத்தனை பேர் ஒன்றாக மூச்சைக் கவனித்து இருக்கும்போது, வீட்டில் தனியே எனக்குக் கிடைக்காத அமைதி கிடைக்கிறது. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

"பச்சைக் காட்டை நினையுங்கள், தெளிந்த நதியை நினையுங்கள்" என்கிறீர்கள் ஐயா. எனக்கு வருவதெல்லாம் கலண்டரில் பார்த்த காடு, பேர் தெரியாத நதி. நம் வீட்டுக் குழாயில் வருகிற நதியை நினைத்தால் என்ன? சிவனொளிபாதமலைப் பக்கத்து மலைகளிலிருந்து வரும் மஸ்கெலி ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை. தேயிலைத் தோட்டங்களைத் தாண்டி, கித்துல்கலை, அவிசாவளை வழியே இறங்கி, அம்பத்தளையில் சுத்தமாகிக் கொழும்புக்கு வருகிறது. என் அம்மா மஸ்கெலியாவில் பிறந்தவர். அவர் சிறுவயதில் குடத்தில் பிடித்த பீலித் தண்ணீர், அதாவது மலையிலிருந்து குழாய் வழியே விழும் ஊற்றுத் தண்ணீர், ஓடிப்போன வழியில்தான் என் செம்புத் தண்ணீரும் வந்திருக்கிறது என்று ஒரு நாள் தோன்றியது. அன்று இருபது நிமிடமும் என் மனம் எங்கும் அலையவில்லை.

அப்புறம் கடல். மண்டபத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் கடலை நாம் கண்ணை மூடிக் கற்பனை செய்கிறோம். போன போயாவுக்கு முதல்நாள் நல்ல மழை. தியானம் முடிந்து மரைன் டிரைவ் வீதியைக் கடந்து, கால்வாய் கடலில் விழும் இடத்துக்குப் போய் நின்றேன். யோகட் கோப்பை, சொப்பிங் பை, ஒற்றைச் செருப்பு எல்லாம் மண்ணிறத் தண்ணீரோடு போய்க்கொண்டிருந்தன. தெரு வடிகான்களில் ஒதுங்கிக் கிடந்தவற்றை மழை கொண்டுவந்திருந்தது. நடுவில் ஒரு லஞ்ச் ஷீட், சாப்பாடு கட்டும் மெல்லிய பொலித்தீன் தாள். 2017இலேயே தடை செய்யப்பட்ட பொருள். அன்று காலை நமக்கு இடியப்பமும் சம்பலும் கட்டித் தந்ததும் அதே போன்ற ஒன்றில்தான். நானும் வாங்கிச் சாப்பிட்டேன். வெகுநேரம் அங்கிருந்து நகர முடியவில்லை.

1,600 தொன்னுக்கு மேற்பட்ட பிளாஸ்டிக் மணிகளை ஏற்றிவந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் 2021 மே மாதம் எரிந்து, ஜூனில் மூழ்கியபோது நாடே பதறியது. கரையில் வெள்ளை வெள்ளையாய் ஒதுங்கியதை எல்லோரும் பார்த்தோம். பார்த்ததால்தான் பதறினோம். கால்வாய் வழியே ஒவ்வொரு மழைக்கும் போவதை யாரும் நின்று பார்ப்பதில்லை.

அதனால் என் வேண்டுகோள்: மூன்று போயாவுக்கு ஒன்றை அந்தக் கால்வாய் முகத்தில் வைப்போம். கண்ணைத் திறந்தபடி இருப்போம். முதல் நாளே குப்பை பொறுக்கவும் வேண்டாம். பொறுக்கத் தொடங்கினால் கை வேலையில் மனம் போய்விடும், பார்த்தது மறந்துவிடும். முதலில் பார்ப்போம். சிங்களத்தில் தியானத்தைப் பாவனா என்கிறார்கள். நமக்கோ பாவனை என்றால் ஒரு பொருளைப் பயன்படுத்துவது. எனக்கு இரண்டும் ஒரே சொல்லாகத்தான் படுகிறது. அயலில் உள்ள சிங்களக் குடும்பங்களையும் அழைக்கலாம், அவர்களுடைய கடலும் அதுதானே.

நாற்றம் இருக்கும். ரயில் போகும்போது எதுவும் கேட்காது. சரி, இருக்கட்டும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்குக் கதிரை தூக்கிவர இரண்டு தம்பிமார் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். காலைச் சாப்பாட்டுக்கு அவரவர் வீட்டிலிருந்து தட்டு கொண்டுவருவோம். பத்துப் பேருக்கு வாழையிலை நான் கொண்டுவருகிறேன்.

வருகிற போயாவன்று காலை ஐந்தரைக்குப் பாயோடு அங்கே இருப்பேன். நீங்கள் மண்டபத்தில்தான் வைப்பதென்றால் முதல்நாளே சொல்லிவிடுங்கள் ஐயா, கடலோரத்தில் கொஞ்சம் இருந்துவிட்டு ஏழு மணிக்கு அங்கே வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
பின்வரிசையில் இருப்பவள்