துவரைக்கு விலை விதைப்புக்கு முன்பே தெரிய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2015-இல் துவரம் பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது. அந்த விலையைப் பார்த்து அடுத்த ஆண்டு எல்லோரும் துவரை போட்டார்கள், மழையும் கைகொடுத்தது. 2015-16-இல் சுமார் 25 லட்சம் டன்னாக இருந்த நாட்டின் விளைச்சல், 2016-17-இல் 48 லட்சம் டன்னைத் தாண்டியது. அந்த ஆண்டு குவிண்டாலுக்கு அரசு அறிவித்த ஆதார விலை 5,050 ரூபாய். சந்தையில் அதற்கும் கீழேதான் போனது. இறக்குமதிக்கு 2 லட்சம் டன் உச்சவரம்பு வந்தது 2017 ஆகஸ்டில். அதற்குள் விவசாயி விற்று முடித்து, அடுத்த விதைப்பையும் முடித்திருந்தார்.

துவரை ஐந்தாறு மாதப் பயிர். ஆடிப்பட்டத்தில் விதைத்தவர் தை மாதத்தில் என்ன விலை கிடைக்கும் என்று தெரியாமல்தான் விதைக்கிறார். அதனால் சென்ற ஆண்டு விலையே அவருக்கு வழிகாட்டி. எல்லோரும் அதையே பார்ப்பதுதான் கோளாறு. இறக்குமதி வரி, அளவு இரண்டையும் மே மாதத்துக்குள் அறிவித்து, அறுவடை முடியும்வரை மாற்றாமல் இருந்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

மீதிப் பாதிக்குத் தமிழக அரசின் கையிலேயே ஒரு கருவி இருக்கிறது. ரேஷனில் அட்டைக்கு மாதம் 1 கிலோ பருப்பு 30 ரூபாய்க்குத் தருகிறார்கள். 2 கோடி அட்டை என்று வைத்தால் ஆண்டுக்கு 2.4 லட்சம் டன் பருப்பு. 100 கிலோ துவரையை உடைத்தால் ஏறக்குறைய 70 கிலோ பருப்பு தேறும். ஆக, சுமார் 3.4 லட்சம் டன் துவரை. இவ்வளவு உறுதியான தேவை வேறு எந்தப் பயறுக்கும் இல்லை. இருந்தும் அது டெண்டர் வழியாகவே வாங்கப்படுகிறது; தருமபுரி, கிருஷ்ணகிரி மானாவாரி விவசாயிக்கு அதனால் எந்தச் சேதியும் போய்ச் சேர்வதில்லை.

இங்கு விளையும் துவரை மொத்தமும் இந்தத் தேவைக்குக் காணாது. அதனால் முதலில் ஒரு சிறு பங்குக்கு மட்டும், விதைப்புக்கு முன்பே, விவசாயிகளே பங்குதாரர்களாக உள்ள உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களோடு ஒப்பந்தம் போடலாம். மழை பொய்த்தால் ரேஷன் முடங்கக்கூடாது; எனவே மீதிக்கு டெண்டர் இருக்கட்டும். ஒரே விலை என்று எழுதினால் ஒப்பந்தம் நிற்காது. சந்தை விலை ஏறியதும் சரக்கு வியாபாரியிடம் போய்விடும். ஆதார விலையை அடிவிலையாக வைத்து, சந்தை அதற்கு மேல் போனால் கூடுதலில் பாதியை விவசாயிக்குத் தருவது நல்லது.

இன்னொன்று ஈரப்பதம். 12 விழுக்காட்டைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். மார்கழிப் பனியில் அடித்த துவரை லேசில் காயாது. காயவைக்கக் களமும் இல்லை, நிலையமும் தாமதமாகத் திறக்கிறது என்றால், கைக்காசு தேவைப்படுகிறவர் கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுவார். நன்றாகக் காயாமல் மூட்டை கட்டினால் பயறு வண்டு துளைத்துவிடும். மார்கழி முதல் வாரத்திலேயே நிலையங்களைத் திறந்து, ஈரமானி, தார்ப்பாய், சாக்கு மூன்றையும் அங்கே தயாராக வைக்க வேண்டும். 2017-இல் மகாராஷ்டிரத்தில் கொள்முதல் தடுமாறியதற்குச் சாக்குத் தட்டுப்பாடும் ஒரு காரணம்.

இப்படிக்கு,
வேளாண் பட்டதாரிகள் சிலர்,
தருமபுரி மாவட்டம்