அந்தப் படத்தோடு சோதனை முடிவையும் காட்டுங்கள்: அமானுஷ்ய நிகழ்ச்சித் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தயாரிப்பாளர்களுக்கு,

வணக்கம். சென்ற வார நிகழ்ச்சியில், ஆவிகளை வரவழைப்பதாகச் சொன்ன ஹெலன் டங்கன் என்ற ஸ்காட்லாந்துப் பெண்ணின் பழைய படங்களைக் காட்டினீர்கள். அவர் வாயிலிருந்து வெள்ளையாக ஏதோ தொங்குகிறது. "இதுதான் எக்டோபிளாசம், உயிரியல் புத்தகத்திலேயே இருக்கிறது, நோபல் பரிசு பெற்றவரே ஏற்றுக்கொண்டது" என்றார் தொகுப்பாளர். ஆவி உருவெடுக்க உடலிலிருந்து வெளிவரும் பொருள் என்ற அர்த்தத்தில் அவர் அந்தச் சொல்லைச் சொன்னார். அந்தப் பொருளைச் சோதித்தவர்கள் கண்டதை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள்? படத்தைக் காட்டினால் சோதனை முடிவையும் காட்டுங்கள். எங்கள் முக்கியக் கோரிக்கை இதுதான்.

நாங்கள் பள்ளிகளில் விலங்கியல் நடத்துகிறவர்கள். உயிரியல் புத்தகத்தில் இருக்கும் எக்டோபிளாசம் அமீபா போன்ற செல்லின் தெளிந்த வெளி அடுக்கு; உங்கள் படத்தில் இருப்பதற்கும் அதற்கும் பெயர் மட்டும்தான் ஒன்று. அமீபாவின் எக்டோபிளாசத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுவது எவ்வளவு பாடு என்பதைக் கொஞ்சம் கேளுங்கள். குட்டையின் அடியில் மக்கிக் கிடக்கும் இலைகளோடு நீரை அள்ளி வந்து அகலத் தட்டில் ஊற்றி, வேகவைத்த கோதுமை மணிகள் நான்கைந்து போட்டு, வெயில் படாமல் சில நாள் வைக்க வேண்டும். தட்டின் அடியிலிருந்துதான் துளி எடுக்க வேண்டும். மேல்நீரில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. துளியை மூடும் மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப்பை நேராக வைத்தால் அமீபா நசுங்கிவிடும் என்பதால் இடையில் இரண்டு முடியிழைகளை வைக்கிறோம். ஆடிய அதிர்ச்சியில் அது உருண்டு கிடக்கும். சில நிமிடம் தொடாமல் விட்டால்தான், நகர்வதற்காக அது நீட்டும் போலிக்கால் நீளும். நுண்ணோக்கியில் வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் டயாபிரத்தை நன்றாகக் குறைக்க வேண்டும். வெளிச்சம் கூடினால் தெளிந்த எக்டோபிளாசம் கண்ணுக்கே படாது. எல்லாம் கூடி வந்தால், துகள்கள் ஓடும் உட்பகுதியான எண்டோபிளாசத்தைச் சுற்றித் துகளே இல்லாத மெல்லிய விளிம்பு தெரியும். போலிக்காலின் நுனியில் அந்தத் தெளிவுதான் முதலில் தொப்பி போலப் புடைக்கும். பின்னாலேயே துகள்கள் பாயும்.

40 நிமிடப் பாடவேளையில் இதைக் காட்டி முடிக்கும்போது, "புகை எங்கே மிஸ்?" என்று கேட்கிறார்கள் பிள்ளைகள். கண்ணெதிரே அசையும் உயிரை விட்டுவிட்டு, உங்கள் நிகழ்ச்சியில் பார்த்ததைத் தேடுகிறார்கள். இது சின்ன விஷயமில்லை. நாளை இவர்களில் ஒருவர் ஆய்வகத்தில் வேலைக்குப் போனால், சீதபேதி நோயாளியின் மலத்தில், அந்நோயை உண்டாக்கும் அமீபாவான என்டமீபா ஹிஸ்டோலிட்டிகாவைத் தேட வேண்டியிருக்கும். தெளிந்த எக்டோபிளாசம் விரல் போல விருட்டென்று நீளுவது அங்கே முக்கியமான அடையாளம். நீர்த்த மலத்தை அரை மணி நேரத்துக்குள் பார்க்காவிட்டால் அந்த அசைவே நின்றுபோகும்.

இனி டங்கனின் கதை. 1931ல் லண்டனில், ஆவி விவகாரங்களை ஆராய்ந்துவந்த ஹாரி பிரைஸ் அவரைச் சோதித்தார். எடுத்த படங்களில் சல்லாத்துணியின் ஊடும் பாவும் தெரிந்தன. துணியை முன்பே விழுங்கி வைத்துக்கொண்டு பிறகு வெளியே எடுக்கிறார் என்று பிரைஸ் முடிவு செய்தார். எக்ஸ்ரே எடுக்கலாம் என்றபோது டங்கன் தெருவுக்கு ஓடினார். 1933ல் எடின்பரோவில் ஒரு குழந்தையின் ஆவி என்று வந்ததை ஒருவர் எட்டிப் பிடித்தார். விளக்கைப் போட்டபோது அது ஓர் உள்பனியன். நீதிமன்றம் 10 பவுண்டு அபராதம் விதித்தது. வெளிச்சம் பட்டாலோ யாராவது தொட்டாலோ எக்டோபிளாசம் மீடியத்தை, அதாவது ஆவியை அழைப்பவரை, காயப்படுத்தும் என்பது ஆவி அழைக்கும் இந்தக் கூட்டங்களின் விதி. ஏமாற்று பிடிபடாமல் இருக்க அந்த விதி எவ்வளவு வசதியானது என்று உங்கள் ஆய்வுக் குழுவுக்குத் தோன்றவே இல்லையா?

"சூனியக்காரி என்று அஞ்சிச் சிறையில் அடைத்தார்கள்" என்றும் சொன்னீர்கள். 1944ல் அவருக்கு ஒன்பது மாதச் சிறை கிடைத்தது 1735ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி. ஆவியை அழைப்பதாகப் பாசாங்கு செய்வதைத்தான் அந்தச் சட்டம் குற்றமாக வைத்தது. போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் காசு கொடுத்து அவர் முன்னால் உட்கார்ந்த காலம் அது. அவர்களின் துக்கத்தை வைத்துப் பிழைத்ததை மர்மம் என்று விற்பது எங்களுக்குப் பொறுக்கவில்லை.

நோபல் பரிசு பெற்றவர் என்றது சார்ல் ரிஷேயை. அவருக்கு 1913ல் பரிசு கிடைத்தது அனாபிலாக்சிஸ் என்ற ஒவ்வாமை அதிர்ச்சி குறித்த ஆய்வுக்காக. அவர் நம்பிய ஏவா கரியேர் என்ற இன்னொரு மீடியத்தின் படங்களில் தோன்றிய முகங்கள் 'லெ மிருவார்' என்ற பிரெஞ்சு இதழிலிருந்து வெட்டியவை; ஒரு படத்தில் இதழின் பெயரெழுத்துகளே தெரிகின்றன. பெரிய பரிசு வாங்கியவர் சொன்னதெல்லாம் அறிவியல் என்று காட்டும் பழக்கம் உங்கள் நிகழ்ச்சியோடு நிற்கவில்லை. மூலிகை விளம்பரம் வரை போய்விட்டது.

பேய்க்கதை சொல்ல வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அடுத்த வார நிகழ்ச்சியில் 1931, 1933 சோதனைகளின் முடிவை ஒரு நிமிடம் சொல்லுங்கள். இணையத்தில் ஏற்றியிருக்கும் பதிவிலும் அந்தப் படங்களின் கீழே எழுத்தாகப் போடுங்கள். உயிரியல் புத்தகத்தைச் சான்றாகக் காட்டும் வரியை நீக்கிவிடுங்கள். உண்மையான எக்டோபிளாசத்தைப் படம்பிடிக்க விரும்பினால் எங்கள் ஆய்வகத்துக்கு வாருங்கள். ஒரு வாரம் முன்னதாகச் சொன்னால் போதும், தட்டில் அமீபா தயாராக இருக்கும்.

இப்படிக்கு,
விலங்கியல் ஆசிரியர்கள் சிலர்