ஆறாம் பாகம்

கொழிஞ்சாம்பாறை,
மார்கழி 12

அன்புள்ள முத்து,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் எழுதாமல் எட்டு மாதங்களை ஓட்டிவிட்டேன். கண்ணில் புரை, அதற்கு ஆபரேஷன், பேத்திக்குக் காதுகுத்து என்று காரணங்களை அடுக்கலாம். ஆனால் அதே எட்டு மாதங்களில் எத்தனை பக்கம் படித்தாய் என்று நீ திருப்பிக் கேட்பாய் என்பதால், மன்னிப்பை மட்டும் கேட்டுவைக்கிறேன். தங்கையின் முழங்கால் வலி தேவலையா? இங்கே எல்லோரும் நலம். ஆழியாற்றுத் தண்ணீர் வழக்கம்போல வாய்க்காலைவிடப் பேச்சுவார்த்தையில்தான் அதிகம் ஓடுகிறது. கணவாய்க் காற்று கார்த்திகையிலேயே தொடங்கி, பனைமரங்களை இராத்திரி முழுவதும் உலுக்கிக்கொண்டிருக்கிறது.

இப்போது எழுதுவதற்குக் காரணம், சென்ற வாரம் தாசில்தாரின் புத்தகங்கள் என்னிடம் வந்து சேர்ந்ததுதான். ஆவணியில் அவர் போனதைப் பற்றி உனக்கு எழுத வேண்டும் என்று பலமுறை உட்கார்ந்து, தேதியை மட்டும் எழுதிவிட்டு எழுந்திருக்கிறேன். உடுமலை வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய் இருக்கத் தீர்மானித்த அண்ணி, இரண்டு அட்டைப்பெட்டிகளைக் கயிறு போட்டுக் கட்டிப் பையனிடம் காரில் கொடுத்து அனுப்பியிருந்தார். கோபாலபுரம் சோதனைச் சாவடியில் நிறுத்திப் பெட்டியைத் திறக்கச் சொன்னார்களாம். எரிசாராயத்தை எதிர்பார்த்துக் கையை விட்டவருக்குத் தலையணை கனத்தில் ஆங்கிலப் புத்தகங்கள் அகப்பட்டிருக்கின்றன. இதையெல்லாம் யார் படிப்பார்கள் என்று அவர் கேட்க, "படித்தவர் போய்விட்டார், அவருடைய சிநேகிதர் ஒருவர் உங்கள் பக்கத்தில் மிச்சமிருக்கிறார்" என்று பையன் சொன்னானாம். அப்பாவின் நாக்கு அப்படியே வந்திருக்கிறது.

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' நாவல் தொடரில், பழுப்புத்தாள் அட்டை போட்ட ஐந்தாம் பாகத்தின் உள்ளே அந்த மூன்று சீட்டுகளும் இருந்தன. 2011-இல், அந்தப் பாகம் வெளிவந்த ஆண்டில், பழனி அடிவாரத்தில் சாம்பார் வாளியை வைத்துக்கொண்டு நாம் போட்ட பந்தயத்தை நீ மறந்திருக்கமாட்டாய்: அரியணை கடைசியில் யாருக்கு என்று அவரவர் எழுதி மடித்துக் கொடுப்பது, தோற்ற இருவரும் சேர்ந்து வென்றவருக்கு முழுச் சாப்பாடு வாங்கித் தருவது. அரசாங்க முத்திரை வைத்திருந்தவர் என்பதால் சீட்டுகளைக் காக்கும் பொறுப்பு அவருக்குப் போயிற்று. நான் எழுதியிருந்த பெயரை இப்போது பார்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. உன்னுடையது அதைவிட மோசம் என்பது ஒன்றுதான் ஆறுதல். தாசில்தாரின் சீட்டில் பெயரே இல்லை. "முடியாது" என்று ஒரே ஒரு சொல்.

முதலில் சிரித்துவிட்டேன். எழுத்தாளர் இதை முடிக்கப்போவதில்லை என்று பந்தயம் கட்டிவிட்டு, நம்மிடம் ஒன்றும் தெரியாதவர்போல எல்லா வம்சாவளிகளையும் அலசிக்கொண்டிருந்திருக்கிறார் மனிதர். இரவு படுத்த பிறகுதான், காளமேகத்தை மனப்பாடமாகச் சொல்லுகிறவர் அவ்வளவு எளிதாக ஒரு சொல்லை விட்டுவிட்டுப் போயிருக்கமாட்டாரே என்று தோன்றியது. எழுந்து விளக்கைப் போட்டுச் சொல்லைப் பிரித்துப் பார்த்தேன். முடி யாது? மகுடம் எது என்று நம்மையே திருப்பிக் கேட்டிருக்கிறார். பதினான்கு ஆண்டுகளுக்கு மேலாக இந்தச் சிலேடையைச் சொல்லாமல் அடக்கி வைத்திருந்த பொறுமையை நினைத்துப் பார். ஒரு நல்ல வரி கிடைத்தால் அன்று மாலையே தொலைபேசியில் கூப்பிடுகிற நம் இருவருக்கும் அது வராது.

அன்றிலிருந்து முடியாத தொடர்களைப் பற்றிய கவலை என்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மார்ட்டினின் முதல் பாகம் 1996-இல் வந்தது. அடுத்தவை 1998, 2000, 2005, 2011. இடைவெளிகளை எழுதிப் பார்த்தால் இரண்டு, இரண்டு, ஐந்து, ஆறு என்று நம் மூட்டுவலி போலவே வளர்ந்திருக்கின்றன. தொலைக்காட்சித் தொடர் புத்தகத்துக்குக் காத்திராமல் 2019-இல் தன் வழியில் முடித்துக்கொண்டது. (நீ பார்க்கவில்லை என்று இன்னும் சாதிக்கிறாய், உன் மருமகள் என்னிடம் சொல்லிவிட்டாள்.) வர வேண்டிய ஆறாம் பாகத்தின் பெயர் 'தி விண்ட்ஸ் ஆஃப் விண்டர்'. குளிர்காலக் காற்று எங்கள் கணவாய்க்கு ஆண்டுதோறும் தவறாமல் வந்துவிடுகிறது, அவருடையதுதான் இன்னும் கிளம்பவில்லை.

ஆனாலும் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இணையத்தோடு தொடர்பில்லாத பழைய டாஸ் கணிப்பொறியில் வேர்ட்ஸ்டார் 4.0 என்ற அந்தக்கால எழுத்து மென்பொருளை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன் என்று 2014-இல் ஒரு பேட்டியில் அவர் சொன்னதும் எனக்குப் பொள்ளாச்சி டைப்ரைட்டிங் வகுப்பின் மாடி நினைவுக்கு வந்தது. நாம் மூவரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், ஏதோ கர்ப்பகிருகம் போல ஏ.சி. குளிரில் நின்றோமே, அங்கே கற்ற முதல் பாடம் கண்ட்ரோலும் கே-யும், பிறகு டி. எழுதியதைச் சேமித்து வேலையை முடித்துக்கொள்ளும் கட்டளை. உலகம் முழுவதும் காத்திருப்பது அந்த ஒரு டி-க்குத்தான் என்று நினைத்தால், ஒரு மனிதருடைய விரலின் மேல் எவ்வளவு பாரத்தை ஏற்றிவைத்திருக்கிறோம் என்று தோன்றுகிறது. நாம் விலை கொடுத்து வாங்கியது ஐந்து புத்தகங்கள். ஆறாவதற்கு யாரும் பணம் வாங்கவில்லை.

வேறொருவர் முடித்துக்கொடுத்தால் போதுமா என்றால், அதிலும் எனக்குச் சமாதானமில்லை. தாசில்தார் பதினான்கு பாகங்களையும் படித்துத் தீர்த்த 'வீல் ஆஃப் டைம்' பெட்டியில் முழுவதுமாக இருக்கிறது. அதை எழுதிய ராபர்ட் ஜோர்டன் 2007-இல் இறந்தபோது கடைசிக் காட்சியைத் தாமே எழுதிவைத்துவிட்டுத்தான் போனார். அவருடைய புத்தகங்களுக்கு எடிட்டராகவும் இருந்த மனைவி ஹாரியட், கணவரைப் பற்றி இளம் எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் எழுதிய அஞ்சலியைப் படித்து, பிறகு அவருடைய நாவலையும் படித்துப் பார்த்து, வேலையை அவரிடம் ஒப்படைத்தார். ஒரே புத்தகமாக வர வேண்டியது மூன்றாகி 2013-இல் முடிந்தது. வேகத்துக்குக் குறைவில்லை. ஆனால் மேட் என்ற அந்தச் சூதாடிப் பையன் வாயைத் திறந்தால் வேறு யாரோ பேசுவதுபோல இருக்கிறது. அந்த இடத்தில் தாசில்தார் ஓரத்தில் பென்சிலால் "ஆள் மாறாட்டம்" என்று எழுதிக் கையொப்பமும் போட்டிருக்கிறார். 1954 டிசம்பரில் கல்கி காலமானபோது பாதியில் நின்ற 'அமரதாரா'வை அவருடைய மகள் ஆனந்தி எழுதி முடித்தாரல்லவா, வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துத் தைத்த அந்தக் கட்டில் தந்தை விட்ட இடமும் மகள் தொட்ட இடமும் எங்கே என்று என் அம்மா விரல் வைத்துக் காட்டுவார். அவர் காட்டியது சரியா என்று கடைசிவரை நான் சோதிக்கவில்லை.

இவற்றையெல்லாம் உத்தேசித்து, இனி ஒரே பாகத்தில் முடிகிற புத்தகங்களை மட்டுமே தொடுவது என்று ஐப்பசியில் ஒரு விரதம் எடுத்தேன். ஆபரேஷன் முடிந்து படிக்க அனுமதித்ததும் எடுத்தது சுசானா கிளார்க்கின் 'பிரானேசி'. முதல் நாவலுக்குப் பிறகு பதினாறு ஆண்டுகள் கழித்து, நடுவில் நீண்ட நோயைக் கடந்து, 2020-இல் வெளியிட்ட சிறிய புத்தகம். முடிவில்லாத மண்டபங்களும் சிலைகளும், உள்ளேயே அலையடிக்கும் கடலும் கொண்ட ஒரு மாளிகையில் தனியாக வாழ்பவன் நாட்குறிப்பு எழுதுகிறான். ஆண்டுகளுக்கு அவனிடம் எண் கிடையாது. தென்மேற்கு மண்டபங்களுக்கு அல்பட்ராஸ் பறவை வந்த ஆண்டு என்றுதான் எழுதுவான். தாது வருஷப் பஞ்சத்தையும் பெருவெள்ளத்தையும் வைத்துப் பிள்ளைகளின் வயதைச் சொன்ன நம் ஆத்தாக்கள் அந்த மாளிகையில் வழி தவறியிருக்கமாட்டார்கள். நான்கு நாளில் முடித்தேன். புக்கர் பரிசு பெற்ற 'ஆர்பிட்டல்' அடுத்து வந்தது. ஒரு நாளில் பூமியைப் பதினாறு முறை சுற்றும் ஆறு பேரின் கதை; மொழி அழகு, ஆனால் எனக்கு ஆறாவது சுற்றிலேயே தலை சுற்றிவிட்டது.

விரதம் உடைந்தது உர்சுலா லெ குவினால். எர்த்ஸீ வரிசையின் முதல் மூன்றையும் நாம் எண்பதுகளிலேயே படித்திருக்கிறோம். 1972-இல் மூன்றாம் பாகத்தோடு முடிந்தது என்றுதான் உலகமும் நினைத்திருந்தது. அவர் 1990-இல் திரும்பி வந்து 'டெஹானு' எழுதி, எர்த்ஸீயின் கடைசிப் புத்தகம் என்று அதன் தலைப்போடு சேர்த்துப் போட்டார். பிறகு 2001-இல் மேலும் இரண்டு எழுதினார். கடைசி என்று சொல்லிவிட்டுத் திரும்பி வருவதை நம் ஊரில் நாடகக் கம்பெனிகள் மட்டும்தான் செய்யும் என்றிருந்தேன். டெஹானுவை நான் இவ்வளவு காலம் தள்ளிவைத்திருந்தது நல்லதாயிற்று. தீவுக்கூட்டம் முழுவதையும் நடுங்கவைத்த மந்திரவாதி கெட், சக்தி அத்தனையும் செலவாகி வெறுங்கையனாக ஊர் திரும்பி, யார் கண்ணிலும் படாமல் மலைமேல் ஆடு மேய்க்கப் போகிறான். அவனைப் போற்றவும் ஆளில்லை, பழிக்கவும் ஆளில்லை. கதையோ அவனை விட்டுவிட்டு, சமையலறையில் ஒரு விதவையோடும் தீயில் கருகிய ஒரு பெண்குழந்தையோடும் உட்கார்ந்துகொள்கிறது. ஓய்வு பெற்ற மறுநாள் காலை, போக இடமில்லாமல் பேருந்து நிறுத்தம்வரை நடந்துபோய்த் திரும்பியவர்களுக்குத்தான் அந்தக் கெட் புரிவான். முப்பது வயதில் படித்திருந்தால், டிராகன் சண்டை எங்கே என்று கேட்டு மூடிவைத்திருப்பேன். நீ உடனே படி. வாதாடுவதற்கு வேறு ஆள் இப்போது எனக்கு இல்லை.

அண்ணி பெட்டிக்குள் ஒரு துண்டுத்தாளும் வைத்திருந்தார். "ஆறாவது புத்தகம் வந்தால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். முப்பது வருஷமாக இந்த வீட்டில் சாப்பாட்டு நேரமெல்லாம் அந்தப் பேச்சுத்தான், யார் ராஜாவானார் என்று எனக்கும் தெரிய வேண்டும்" என்று எழுதியிருந்தார். அதைப் படித்த பிறகு, மார்ட்டின் புத்தகத்தை முடிக்க வேண்டும் என்று முதல்முறையாக உண்மையாகவே வேண்டிக்கொண்டேன்.

பந்தயக் கணக்குப்படி, ஆறாம் பாகம் வராத ஒவ்வொரு நாளும் தாசில்தார்தான் வென்றுகொண்டிருக்கிறார், ஆகவே சாப்பாட்டுக் கடன் நம் தலையில் இருக்கிறது. தை பிறந்ததும் நீயும் தங்கையும் செங்கோட்டையிலிருந்து பழனிக்கு வந்துவிடுங்கள். மகள் வீட்டுக்குப் போகும் முன் அண்ணியையும் வரச் சொல்லியிருக்கிறேன், அந்த ஓட்டலிலேயே இலை போட்டுவிடலாம். பெட்டியில் மார்ட்டின் நான்கு பாகங்கள்தான் இருந்தன. மூன்றாம் பாகத்தை 2013-இல் நீ இரவல் வாங்கிப்போனதாக, தேதியோடு, முதல் பாகத்தின் உள்ளட்டையில் அவர் குறித்துவைத்திருக்கிறார். வரும்போது அதை எடுத்துக்கொண்டு வா.

உன்,
பாலு