நல்லா இருக்கிற குழந்தைய யாரு பாக்குறது?

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

நான் ஓய்வு பெற்ற ஸ்டாஃப் நர்ஸ். 27 வருஷ சர்வீஸ்ல முக்காவாசி ஆரம்ப சுகாதார நிலையத்து லேபர் ரூம்லயே போச்சு. பிரசவம் பத்தி பேப்பர்ல வர்றது எல்லாம் தாய் இறப்பு, சிசேரியன், இன்குபேட்டர்ல வெச்சு காப்பாத்துன 800 கிராம் குழந்தை, இப்படித்தான் வருது. அதெல்லாம் வரணும் தான், ஆனா நல்லபடியா பிறந்து, நல்லா அழுது, அம்மா பக்கத்துல போட்டுட்ட குழந்தைய பத்தி யாருமே எழுதுறதில்ல. அதுக்காகத்தான் இந்த லெட்டர், கொஞ்சம் நீளமா போனா பொறுத்துக்கோங்க.

என் மகளுக்கு பிரசவம் வேற ஊர்ல, ஒரு தனியார் ஆஸ்பத்திரியில நடந்துச்சு. பேரு எழுத விரும்பல, ஏன்னா இது அங்க மட்டும் நடக்குற விஷயம் இல்ல. சுகப்பிரசவம், பொண்ணு, 3 கிலோ 100 கிராம். பிறந்த உடனே வீல்னு அழுதுச்சு, கார்டுல ஆப்கார் (பிறந்த உடனே குழந்தைய பாத்து பத்துக்கு போடுற மார்க்) 8, 9ன்னு போட்டு "ஹெல்த்தி பேபி"ன்னு எழுதி மறுநாள் சாயங்காலமே டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்க. நானும் பேத்திய பாத்த சந்தோஷத்துல துணிய கூட பிரிச்சு பாக்கல, பெரிய ஆஸ்பத்திரி, குழந்தை டாக்டர் இருக்காரு, எல்லாம் பாத்திருப்பாங்கன்னு விட்டுட்டேன்.

வீட்டுக்கு வந்ததுல இருந்து குழந்தை மாரை விட்டு எடுக்கவே இல்ல, சப்பிக்கிட்டே இருக்கு, அஞ்சு நிமிஷத்துல களைச்சு தூங்குது, திரும்ப எந்திரிச்சு அழுவுது. என் மக "எனக்கு பால் இல்லம்மா"ன்னு ராத்திரி முழுக்க அழுறா, ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணா "பால் ஊற லேட் ஆகும், அதுவரைக்கும் பவுடர் பால் குடுங்க"ன்னு சொன்னாங்க. மூணாம் நாள் காலையில குடிச்ச பால் மூக்கு வழியா வந்துச்சு. சம்பந்தியம்மா "நிறைய குடிச்சிருக்கு, அதான் மேல வருது"ன்னாங்க. எனக்கு வயித்துல பகீர்னு ஆயிடுச்சு. பக்கத்து கிளினிக்ல போய் வெயிட் போட்டா 2 கிலோ 740. மூணு நாள்ல 360 கிராம் போயிருக்கு, பிறந்த எடையில பத்துல ஒரு பங்குக்கு மேல போனா சும்மா இருக்கக்கூடாதுன்னு எத்தனை பொண்ணுங்களுக்கு நான் பாடம் எடுத்திருப்பேன்!

வீட்டுக்கு வந்து கைய நல்லா சோப்பு போட்டு கழுவிட்டு சுண்டு விரலை வாய்க்குள்ள விட்டேன். மேலண்ணம் முன்னாடி கெட்டியா வழுவழுன்னு நல்லாத்தான் இருந்துச்சு, இன்னும் உள்ள போனா நடுவுல ஒண்ணுமே தட்டுப்படல. மருமகனை செல்போன் டார்ச் அடிக்க சொல்லி நாக்கை அமுக்கி பாத்தேன், பின்னாடி இருக்குற மெத்துன்னு இருக்குற அண்ணம் நடுவுல பிளந்து கிடக்கு. உதடு பிளந்திருந்தா யாரு கண்ணுக்கும் தெரியும், இது டார்ச் அடிச்சு பாக்குறவங்களுக்கு மட்டும் தான் தெரியும். அண்ணம் மூடலைன்னா வாய்க்குள்ள உறிஞ்சுற இழுவை நிக்காது, குழந்தை எவ்வளவு சப்பினாலும் பால் வராது. என் மகளுக்கு பால் இல்லாம இல்ல, மார் கல்லு மாதிரி கட்டிக் கிடந்துச்சு. அன்னைக்கே பால பீச்சி, குழந்தைய சாய்ச்சு உக்கார வெச்சு, பாலாடையில (சங்கு மாதிரி மூக்கு வெச்ச சின்ன கிண்ணம்) கொஞ்சம் கொஞ்சமா குடுக்க ஆரம்பிச்சோம், பத்து நாள்ல எடை ஏறிடுச்சு. அப்புறம் பதினோராம் மாசம் ஆபரேஷன் பண்ணினாங்க, நல்லா இருக்கா.

டார்ச் அடிச்சு பாக்க ஆகுற நேரம் ஒரு நிமிஷம் கூட இல்ல ஐயா. அது நடக்காததால ஒரு குழந்தை மூணு நாள் பட்டினி கிடந்துச்சு, ஒரு தாய் தனக்கு பால் இல்லன்னு தன்னையே திட்டிக்கிட்டா. பாட்டி நர்ஸா இல்லாத வீட்டுல என்ன ஆகியிருக்கும்?

ஆப்கார் மார்க்க பாத்து நிறைய பேர் ஏமாந்து போறாங்க, படிச்சவங்களும் தான். 1952ல வர்ஜீனியா ஆப்கார்ங்கிற மயக்க மருந்து டாக்டரம்மா அதை கொண்டு வந்தது, பிறந்த குழந்தைக்கு அந்த நிமிஷத்துல கை குடுக்கணுமா வேண்டாமான்னு தெரிஞ்சுக்க. நிறம், நாடித்துடிப்பு, தூண்டினா முகம் சுளிக்குதா, கை கால் அசைவு, மூச்சு, இந்த அஞ்சும் தான் அதுல இருக்கு. ஒண்ணாவது நிமிஷம், அஞ்சாவது நிமிஷம் பாத்து போடுறது. அண்ணம் இருக்கா, ஆசனவாய் இருக்கா, கண்ணுல புரை இருக்கான்னு அந்த 9 மார்க் சொல்லவே சொல்லாது.

அதை சொல்ற வேலை தலையில இருந்து கால் வரைக்கும் பாக்குற பரிசோதனை. எங்களுக்கு ட்ரெயினிங்ல சொல்லிக் குடுத்த சிஸ்டர் ஒருத்தங்க இருந்தாங்க, குழந்தைய தொடுறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் சும்மா பாருடின்னுவாங்க. படுத்திருக்குற விதம், ரெண்டு கையும் ஒரே மாதிரி அசையுதா, நெஞ்சுக்கூடு உள்ள இழுக்குதா, இதெல்லாம் தொடாம பாக்கணும், தொட்டா குழந்தை அழுதுடும், அப்புறம் தெரியாது. அழ ஆரம்பிச்சா வாய் ஒரு பக்கம் கோணுதான்னு பாக்கணும். மூச்சு ஒரு முழு நிமிஷம் எண்ணணும், பிறந்த குழந்தை விட்டு விட்டு தான் மூச்சு விடும், பதினஞ்சு செகண்ட் எண்ணி நாலால பெருக்கினா தப்பா போயிடும். 30ல இருந்து 60 வரைக்கும் சரி, 60க்கு மேல நிக்காம போச்சுன்னா டாக்டர கூப்பிடணும். புறங்கையால வயித்தையும் பாதத்தையும் தொட்டு பாக்கணும், வயிறு சூடா இருந்து பாதம் ஜில்லுன்னு இருந்தா குழந்தை குளிருதுன்னு அர்த்தம், உடனே தாய் நெஞ்சோட தோல் ஒட்டுற மாதிரி போட்டு மேல மூடணும்.

அப்புறம் உச்சிக்குழி, கண்ணு, வாய்க்குள்ள, கழுத்துக்கு கீழ இருக்குற காறை எலும்பு, இதயம், தொடை இடுக்குல நாடி, இடுப்பு மூட்டு, முதுகெலும்பு வரிசையா கீழ வரைக்கும், பையனா இருந்தா விரை ரெண்டும் இறங்கியிருக்கா, ஆசனவாய். காட்டுப்பீ (குழந்தை முதல்ல போற கருப்பு மலம்) 24 மணி நேரத்துக்குள்ள போச்சான்னு தாய்கிட்ட கேக்கணும், சிறுநீரும் அதே மாதிரி. எழுதும்போது நீளமா தெரியுது, கை பழகினவங்களுக்கு பத்து பதினஞ்சு நிமிஷம் தான்.

இதயத்த பத்தி மட்டும் கொஞ்சம் கூட சொல்லணும், ஏன்னா அதுல தான் நல்லா இருக்குற மாதிரி தெரியுற குழந்தை திடீர்னு போயிடுது. கருவுல திறந்திருக்குற ஒரு ரத்தக்குழாய் பிறந்த சில நாள்ல மூடும், சில வகை இதயக் கோளாறு இருக்குற குழந்தைக்கு அந்த குழாய் தான் உயிர் நாடி. அது மூடுற வரைக்கும் குழந்தை பால் குடிக்கும், தூங்கும், ரோஸ் கலர்ல இருக்கும், ஸ்டெதஸ்கோப்ல கூட ஒண்ணும் கேக்காம போகலாம். 24 மணி நேரம் ஆனதும் வலது கையிலயும் ஒரு பாதத்துலயும் பல்ஸ் ஆக்சிமீட்டர் வெச்சு பாத்தா பாதிக்கு மேல கண்டுபிடிச்சுடலாம். ரெண்டு இடத்துலயும் ஆக்சிஜன் அளவு 95ஓ அதுக்கு மேலயோ இருந்து, வித்தியாசம் 3க்கு மேல போகாம இருந்தா நிம்மதி. கொரோனாவுக்கு அப்புறம் ஆக்சிமீட்டர் இல்லாத ஆஸ்பத்திரியே இல்ல, குழந்தைக்கு சுத்துற சின்ன ப்ரோப் ஒண்ணு வாங்கி வெச்சா போதும் (வீட்டுல இருக்குற பெரியவங்க விரல் கிளிப்ப குழந்தைக்கு மாட்டி பயப்படாதீங்க, அது சரியா காட்டாது).

இந்த பரிசோதனைய தாய் முன்னாடி தான் பண்ணனும்னு நான் அடிச்சு சொல்லுவேன். குழந்தைய வேற ரூமுக்கு தூக்கிட்டு போய் பாத்துட்டு கொண்டு வந்து குடுத்தா தாய்க்கு ஒண்ணும் தெரியாது. முன்னாடி வெச்சு பாத்தா கேள்வி கேப்பாங்க. பொண்ணு குழந்தைக்கு ரெண்டு மூணு நாள்ல லேசா ரத்தம் படும், தாயோட ஹார்மோன் இறங்குறதுனால வர்றது, தானா நின்னுடும். பையனோ பொண்ணோ மார்பு வீங்கி பால் மாதிரி வரும், அதை பிதுக்கி எடுக்குற பழக்கம் இன்னும் கிராமத்துல இருக்கு, பிதுக்கி சீழ் வெச்சு கத்தி பட்ட குழந்தைய நான் பாத்திருக்கேன். முதுகுல நீலமா திட்டு இருந்தா "ஆஸ்பத்திரியில கீழ போட்டுட்டாங்களா"ன்னு சண்டைக்கு வர்றாங்க, நம்ம ஊரு குழந்தைங்களுக்கு அது சகஜம். இதை அந்த நேரத்துல விரல் வெச்சு காட்டி சொன்னா ஆயுசுக்கும் மறக்க மாட்டாங்க.

மஞ்சள் காமாலைய மட்டும் அப்படி லேசா விடக்கூடாது. ஜன்னல் வெளிச்சத்துல நெத்திய, நெஞ்ச, பாதத்த அமுக்கி எடுத்து பாக்கணும், டியூப்லைட்ல தெரியாது. முதல் 24 மணி நேரத்துல மஞ்சள் தெரிஞ்சாலும், எப்போனாலும் உள்ளங்கை உள்ளங்கால் வரைக்கும் வந்தாலும் அன்னைக்கே ரத்தம் பாக்கணும். காலையில வெயில்ல காட்டினா சரியாயிடும்னு நாள் கடத்துற வீடு இன்னும் நிறைய இருக்கு.

இப்ப என் தப்பையும் சொல்லிடறேன். நைட் டூட்டியில நான் ஒருத்தி, ரெண்டு பேர் வலியில இருக்காங்க, ஒருத்திக்கு ரத்தப்போக்கு நிக்கல, பக்கத்துல ரெஜிஸ்டர் அடுக்கி வெச்சிருக்கு. அந்த மாதிரி ராத்திரியில குழந்தைய துணியோட பாத்துட்டு "நார்மல்"னு எழுதி கையெழுத்து போட்டிருக்கேன். ஒரு தடவ இல்ல, பல தடவ. நோய்வாய்ப்பட்ட குழந்தைக்கு தனி வார்டு, தனி நர்ஸ், மணிக்கு மணி சார்ட் இருக்கு. நல்லா இருக்குற குழந்தை கேஸ் ஷீட்ல தாயோட ஒரு வரியா நின்னுடுது. மகப்பேறு டாக்டர் தாய பாக்குறாங்க, குழந்தை டாக்டருக்கு நூறு குழந்தை, நடுவுல இது யாரு பொறுப்பும் இல்லாம போயிடுது. எங்க நர்சிங் கவுன்சில் பதிவுல நர்ஸ், மிட்வைஃப் (பிரசவம் பாக்குறவங்க)னு ரெண்டும் போட்டிருக்கும். அந்த ரெண்டாவது பேருக்கான வேலை தான் இது, அதை செய்ய விடாம ரெஜிஸ்டர் எழுத விட்டிருக்காங்க.

2018 டிசம்பர்ல மத்திய அரசு மிட்வைஃபரி திட்டம்னு ஒண்ணு அறிவிச்சாங்க, நர்ஸுங்களுக்கு 18 மாசம் தனி பயிற்சி குடுத்து சாதாரண பிரசவத்தையும் நல்லா இருக்குற குழந்தையையும் அவங்க பொறுப்புல விடுறதுன்னு. எனக்கு அதுல முழு நம்பிக்கை உண்டு. இங்கிலாந்துல பிறந்து 72 மணி நேரத்துக்குள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் கண், இதயம், இடுப்பு, விரை பாக்குறாங்க, அந்த பயிற்சி எடுத்த மிட்வைஃபே நிறைய இடத்துல பாக்குறாங்க, ஆறு எட்டு வாரத்துல இன்னொரு தடவ. நம்ம பொண்ணுங்களுக்கு கையும் இருக்கு அறிவும் இருக்கு, அந்த வேலைக்குன்னு நேரம் ஒதுக்கிக் குடுத்தா போதும்.

வீட்டுக்கு வந்து பாக்குறதுலயும் ஒரு ஓட்டை இருக்கு. ஆஸ்பத்திரியில பிறந்த குழந்தைய 3, 7, 14, 21, 28, 42வது நாள் வீட்டுல போய் பாக்கணும்னு திட்டம் இருக்கு. ஆனா நம்ம ஊர்ல பொண்ணு பதிவு பண்ணினது புருஷன் வீட்டு துணை சுகாதார நிலையத்துல, பிரசவம் வேற ஊர்ல, படுத்திருக்குறது தாய் வீட்டுல. இந்த ஊர் நர்சம்மாவுக்கு குழந்தை பிறந்ததே தெரியாது, அந்த ஊர் நர்சம்மா போனா வீடு பூட்டிக் கிடக்கும். மூணாம் நாள் விசிட் ஒண்ணு ஒழுங்கா நடந்தா பால் பிரச்சனை, எடை, மஞ்சள் மூணும் அங்கயே மாட்டிடும். தாய் எந்த ஊர் போறான்னு டிஸ்சார்ஜ் அன்னைக்கே கேட்டு அந்த ஊருக்கு ஒரு மெசேஜ் போனா முடிஞ்சுது, எல்லாரும் கம்ப்யூட்டர்ல தானே பதியறோம்.

2019-21 தேசிய குடும்ப நல கணக்கெடுப்புல தமிழ்நாட்டுல 99.6 சதவீத பிரசவம் ஆஸ்பத்திரியில நடக்குதுன்னு வந்துச்சு. இந்த நிலைக்கு கொண்டு வர என் தலைமுறை நர்ஸுங்க பஸ் இல்லாத ஊருக்கெல்லாம் நடந்து போய் கெஞ்சி கூட்டிட்டு வந்திருக்கோம். நம்பி வந்தவங்க குழந்தைய துணி பிரிச்சு பாக்காம அனுப்பலாமா?

சுகாதாரத்துறைக்கு உங்க பேப்பர் மூலமா கேக்குறது இது தான். டிஸ்சார்ஜ் கார்டுல "ஹெல்த்தி"ன்னு ஒரு வார்த்தை எழுதுறத நிறுத்திட்டு, கண், அண்ணம், இதயம், ஆக்சிஜன் அளவு, இடுப்பு, முதுகு, ஆசனவாய், டிஸ்சார்ஜ் அன்னைக்கு எடை, பால் குடிக்கும்போது நேர்ல பாத்தாச்சா, இதுக்கு தனித்தனி கட்டம் அச்சடிங்க, அரசு ஆஸ்பத்திரிக்கும் தனியாருக்கும் ஒரே கார்டு. ஒவ்வொரு கட்டத்துக்கும் பாத்தவங்க பேரும் நேரமும் எழுதணும், தாயும் பக்கத்துல இருந்து பாத்தேன்னு கையெழுத்து போடணும். லேபர் வார்டு ஒவ்வொண்ணுக்கும் ஒரு டார்ச் லைட்டும் அதுக்கு பேட்டரியும் வாங்கிக் குடுங்க. என் சர்வீஸ் முழுக்க பேட்டரி என் காசு தான்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர்,
தேனி மாவட்டம்.